லேட்டாக விழும் கியர், டங்கென்ற அடி: 1972 ஷெவெல் வண்டியின் டர்போ ஹைட்ராமேட்டிக் 350 பழுதுப் பதிவு

வண்டி 1972 செவ்ரோலே ஷெவெல். 350 கன அங்குல வி8 எஞ்சின். அதன் பின்னால் டர்போ ஹைட்ராமேட்டிக் 350, மூன்று கியர் ஆட்டோமேட்டிக். இரண்டிலும் 350 என்ற எண் இருப்பது தற்செயல்தான். இதே கியர் பெட்டி ஆறு சிலிண்டர் எஞ்சின்களுக்குப் பின்னாலும் வந்திருக்கிறது. 1969 மாடல் ஆண்டில் அறிமுகமானது. முதல் கியர் 2.52, இரண்டாவது 1.52, மூன்றாவது நேரடி.

புகார் இது. மிதியை லேசாக அழுத்தி ஓட்டினாலும் இரண்டாவது கியர் 30 மைல் வேகத்தைத் தாண்டித்தான் விழுகிறது. விழும்போது சீட் வரை அடி ஏறுகிறது. மூன்றாவது 45 மைலுக்கு மேல். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சைலன்ஸரிலிருந்து வெண்புகை. சில வாரங்களில் கியர் ஆயில் ஒரு குவார்ட், அதாவது ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக, காணாமல் போகிறது. ஆனால் நிறுத்தும் இடத்தில் தரை காய்ந்திருக்கிறது.

இப்படிப்பட்ட வண்டிக்கு "பெட்டியை இறக்கிப் பிரித்துக் கட்டணும்" என்ற பதில்தான் பல இடங்களில் முதலில் வரும். இந்தப் பெட்டியைப் பொறுத்தவரை அது அவசர முடிவு. கியர் எப்போது விழவேண்டும், எவ்வளவு அழுத்தத்தில் விழவேண்டும் என்பதை இது இரண்டே தகவல்களை வைத்துத்தான் முடிவு செய்கிறது. ஒன்று, எஞ்சின் எவ்வளவு சுமையில் இருக்கிறது. அதை இன்டேக் மேனிஃபோல்டில், அதாவது எஞ்சினுக்குக் காற்று போகும் பாதையில், உண்டாகும் வேக்யூம் (உறிஞ்சும் இழுப்பு) மாடுலேட்டர் என்ற பாகத்தின் வழியாகச் சொல்கிறது. மற்றது, வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது. அதைச் சொல்வது கவர்னர். இந்த இரண்டு பாகங்களும் பெட்டிக்கு வெளியிலிருந்தே கழற்றக்கூடியவை. இவற்றைப் பார்க்காமல் பெட்டியை இறக்கக் கூடாது.

மாடுலேட்டருக்குள் ஒரு ரப்பர் டயாஃபிரம், அதன் பின்னால் ஸ்பிரிங். எஞ்சின் சும்மா ஓடும்போதும் லேசான மிதியிலும் வேக்யூம் அதிகம். அது ஸ்பிரிங்கை எதிர்த்து டயாஃபிரத்தை இழுத்துப் பிடிப்பதால் மாடுலேட்டர் அழுத்தம் குறைகிறது, லைன் பிரஷரும், அதாவது பெட்டிக்குள் கிளட்சுகளை அழுத்திப் பிடிக்கும் ஆயில் அழுத்தமும், குறைகிறது. கியர் சீக்கிரமும் மென்மையாகவும் விழும். மிதியை ஆழமாக அழுத்தினால் வேக்யூம் சரிகிறது, ஸ்பிரிங் வெல்கிறது, அழுத்தம் ஏறுகிறது. கியர் லேட்டாகவும் கெட்டியாகவும் விழும். எதிர்ப்பக்கத்தில் கவர்னர் வேகம் ஏற ஏறத் தன் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. ஷிஃப்ட் வால்வில் கவர்னர் அழுத்தம் ஜெயிக்கும் நொடியில் அடுத்த கியர். ஆக, வேக்யூம் மாடுலேட்டருக்குப் போய்ச் சேரவில்லை என்றால், ஓட்டுபவர் மிதியைக் கடைசி வரை அழுத்தியிருக்கிறார் என்றுதான் பெட்டி நினைத்துக்கொள்ளும். இந்த ஷெவெல் நடந்துகொண்டது அச்சு அசலாக அப்படித்தான்.

முதலில் ஆயில், லிங்க்கேஜ், கேபிள்

வண்டி நன்றாகச் சூடான பிறகு, சமதளத்தில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, லீவர் பார்க்கில் இருக்க டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தால், எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் கன்வெர்ட்டரிலிருந்து இறங்கும் ஆயில் மட்டத்தைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். 'ஆட்' கோட்டுக்கும் 'ஃபுல்' கோட்டுக்கும் நடுவில் ஒரு பைன்ட்தான், அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கோட்டுக்கு மேல் ஊற்றினால் சுழலும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரை கிளட்சை அழுத்திப் பிடிக்காது. ஆயில் குறைவால் வரும் அதே நழுவல் ஆயில் கூடியதாலும் வரும்.

இந்த வண்டியில் மட்டம் 'ஆட்' கோட்டுக்குக் கீழே. நிறம் பழுப்பு கலந்த சிவப்பு, கருகல் வாசனை இல்லை. கருகல் வாசனை பலமாக இருந்து, டிப்ஸ்டிக்கில் கறுப்புத் துகளும் ஒட்டியிருந்தால் கிளட்ச் தட்டுகள் ஏற்கெனவே எரிந்துவிட்டன, கீழே சொல்லும் வேலைகள் அதைக் காப்பாற்றாது. பால் கலந்த ரோஜா நிறம் என்றால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர் ஓட்டையாகித் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டியை ஒரு மைல்கூட ஓட்டாதீர்கள். தண்ணீர் கிளட்ச் லைனிங்கின் பசையையே இளக்கிவிடும்.

அடுத்து லீவர் லிங்க்கேஜ். பெட்டியின் பக்கவாட்டு லீவரிலிருந்து கம்பியைக் கழற்றிவிட்டு, கையால் ஒவ்வொரு நிலையாக நகர்த்த வேண்டும். ஒவ்வொன்றிலும் 'டக்' என்று உட்கார வேண்டும். பிறகு வண்டிக்குள் ஓட்டுபவர் கையில் இருக்கும் லீவரை அதே நிலையில் வைத்தால் கம்பி எந்த இழுப்பும் இல்லாமல் துளையில் நுழைய வேண்டும். இல்லையென்றால் லீவரோடு நகரும் மேனுவல் வால்வ் பாதி திறந்து நின்று, ஃபார்வர்ட் கிளட்சுக்குப் பாதி அழுத்தம்தான் போகும். பல நல்ல பெட்டிகள் இந்த ஒரு அட்ஜஸ்ட்மென்ட் தவறால் எரிந்திருக்கின்றன.

மூன்றாவது, பெட்டியின் வலது பக்கத்திலிருந்து கார்புரேட்டர் பக்கம் போகும் டிடென்ட் கேபிள். மிதியை முழுக்க அழுத்தும்போது கியரைக் கீழே இறக்குவதுதான் இதன் வேலை. இது உறைக்குள் சிக்கி இழுபட்ட நிலையிலேயே நின்றுவிட்டால் எல்லா கியரும் லேட்டாகும். அட்ஜஸ்ட் செய்ய, ஸ்னாப் லாக்கை மேலே தூக்கிவிட்டு, த்ராட்டிலை முழுத் திறப்பில் பிடித்துக்கொண்டு, லாக்கை மட்டமாக உட்காரும் வரை அழுத்த வேண்டும். இங்கே கேபிள் சரியாக இருந்தது.

1982-இல் வந்த 700ஆர்4 பெட்டியிலும் இதே இடத்தில் ஒரு கேபிள் உண்டு என்பதால் இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அந்தக் கேபிள்தான் அந்தப் பெட்டியின் லைன் பிரஷரையே தீர்மானிக்கிறது. அதைக் கழற்றிவிட்டு ஓட்டினால் பெட்டி சீக்கிரமே எரிந்துவிடும். 350-இல் கேபிள் இல்லாவிட்டால் கிக்-டவுன் மட்டும் போகும், பெட்டிக்குச் சேதமில்லை. அதனால் சந்தேகம் வந்தால் இங்கே கேபிளைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிடலாம்.

வேக்யூம்: இரண்டு முனையிலும் அளக்க வேண்டும்

மேனிஃபோல்டிலிருந்து மாடுலேட்டருக்குப் போவது ஒரு மெல்லிய ஸ்டீல் பைப். அதன் இரண்டு முனையிலும் சிறிய ரப்பர் குழாய்கள். மேனிஃபோல்டில் கேஜை மாட்டி அளந்ததில் சும்மா ஓட்டத்தில் 18 அங்குலப் பாதரசம். ஆரோக்கியமான எஞ்சின். மாடுலேட்டர் பக்க முனையைக் கழற்றி அதில் கேஜை மாட்டியதில் 11.

ஏழு அங்குலம் வழியில் போய்விட்டது. எக்ஸாஸ்ட் பைப்பின் சூடு படும் இடத்தில் இருக்கும் கீழ் ரப்பர் எல்போ, வளைவின் உட்புறத்தில் வெடித்திருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. விரலால் வளைத்தால்தான் வாய் பிளக்கும்.

புது எல்போவுக்குச் சாதாரண பெட்ரோல் ஹோஸைப் போடக் கூடாது. சுவர் மெல்லியதாக இருந்தால் வேக்யூமில் உறிஞ்சப்பட்டுத் தட்டையாகி, சூடான பிறகு மட்டும் வரும் மர்மப் பழுதாக மாறும். வேக்யூமுக்கென்றே விற்கும் தடித்த, ஆயில் தாங்கும் ஹோஸ் போதும். மாட்டிய பின் கீழ்முனையில் 18. மிதியைச் சட்டென்று அழுத்தி விட்டால் ஊசி உடனே விழுந்து உடனே எழ வேண்டும். மெதுவாக ஏறினால் ஸ்டீல் பைப்புக்குள் துருவோ கரியோ அடைத்திருக்கிறது. நின்ற நிலையில் அளவு சரியாகக் காட்டிவிட்டு, ஓட்டத்தில் கியரை மட்டும் தாமதிக்கும் அடைப்பு இது.

குழாய் மேனிஃபோல்டில்தான் மாட்டியிருக்கிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். கார்புரேட்டரில் த்ராட்டில் தகட்டுக்கு மேலே திறக்கும் துளையில் மாட்டினால் சும்மா ஓட்டத்தில் வேக்யூமே கிடைக்காது. எஞ்சின் வேலை முடிந்து குழாய்களைத் திரும்ப மாட்டும்போது இந்த மாற்றம் நடந்துவிடும். பழி கியர் பெட்டி மேல் விழும்.

மாடுலேட்டர்

எல்போ சரியான பிறகு, நடுவில் ஒரு 'டி' வடிவ இணைப்பு வைத்து மாடுலேட்டரும் கேஜும் சேர்ந்து இருக்கும்படி அளந்தால் 15-க்கு இறங்கியது. குழாய் நன்றாக இருக்கும்போது இறங்கினால் டயாஃபிரம் கிழிந்திருக்கிறது. வெண்புகைக்கும் காணாமல் போன ஆயிலுக்கும் காரணம் இதுதான். கிழிசல் வழியாக எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சி எரித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் தரையில் சொட்டு இல்லை.

மாடுலேட்டர் பெட்டியின் வலது பின்பக்கம், ஒரு சிறு கிளாம்ப், ஒரே போல்ட். அரை அங்குல ஸ்பானர். கீழே ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கோப்பை அளவுக்கு ஆயில் வழியும். வெளியே இழுக்கும்போது அதன் பின்னால் இருக்கும் சின்ன ஸ்டீல் வால்வும் கூடவே நழுவி வரலாம். அது எந்தத் திசையில் இருந்தது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வால்வ் தன் துளையில் சொந்த எடையிலேயே வழுக்கிப் போகிற மாதிரி இருக்க வேண்டும். பிசின் படிந்து ஒட்டினால் புது மாடுலேட்டர் போட்டும் பழைய கதைதான்.

கழற்றிய மாடுலேட்டரின் வேக்யூம் மூக்கைக் கீழ்நோக்கிப் பிடித்தால் கியர் ஆயில் சொட்டியது. முடிவு உறுதி. இங்கே ஒரு எச்சரிக்கை: பெட்ரோல் வாடையுள்ள ஈரமோ தண்ணீர்த் துளியோ மட்டும் வந்தால் அது மேனிஃபோல்டிலிருந்து வந்து தங்கியது. அதற்காக மாடுலேட்டரை மாற்ற வேண்டியதில்லை. ஆயில் வந்தால் மட்டுமே மாற்ற வேண்டும். கை பம்ப் இருந்தால் 18 அங்குலம் ஏற்றி அரை நிமிடம் பாருங்கள், ஊசி அசையக் கூடாது. சமமான பரப்பில் மாடுலேட்டரை உருட்டி, கழுத்துக் குழல் ஆடாமல் சுற்றுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆடினால் உள் வால்வை ஒரு பக்கமாக உரசிப் பிடிக்கும்.

புதியதைப் பழையதன் பக்கத்தில் வைத்துக் கழுத்து நீளத்தையும் குவளையின் அகலத்தையும் ஒப்பிட்டுவிட்டு, புது ஓ-ரிங்கில் கியர் ஆயில் தடவி உள்ளே தள்ள வேண்டும். கிளாம்ப் போல்ட்டுக்கு 130 அங்குல-பவுண்டு, அதாவது சுமார் 15 நியூட்டன் மீட்டர். பெட்டி அலுமினியம், மரை சுலபமாக உரியும்.

கடையில் அட்ஜஸ்ட் செய்யும் வகையும் கிடைக்கும். மூக்குத் துளைக்குள் சின்ன ஸ்க்ரூ இருக்கும். வலப்புறம் திருப்பினால் கியர் லேட்டாகவும் கெட்டியாகவும் விழும், இடப்புறம் திருப்பினால் எதிர்மாறு. ஒரு தடவைக்கு ஒரு சுற்று, பிறகு ஓட்டிப் பார்த்தல். சற்றுத் தீவிரமான கேம் ஷாஃப்ட் போட்டு வேக்யூம் குறைந்த எஞ்சினுக்கு இது உண்மையில் உதவும். ஸ்டாக் எஞ்சினில் வேறு பழுதை மறைக்க இந்த ஸ்க்ரூவைத் திருப்புவது கெடுதல். இடப்புறம் அதிகம் திருப்பினால் லைன் பிரஷர் குறைந்து, கியர் வெண்ணெய் போல விழுவதாகத் தோன்றும். உள்ளே கிளட்ச் நழுவி எரிந்துகொண்டிருக்கும்.

லைன் பிரஷர் என்ன சொல்கிறது

பெட்டியின் இடது பக்கம் ஒரு 1/8 அங்குல பைப் பிளக் இருக்கிறது. அதில் 0 முதல் 300 பி.எஸ்.ஐ. காட்டும் கேஜை மாட்டலாம். சின்ன கேஜ் வேண்டாம், ரிவர்ஸில் மிதித்தால் அழுத்தம் 200-ஐத் தாண்டிப் போகும். பழுதோடு இருந்தபோது டிரைவில், சும்மா ஓட்டத்தில், 110 காட்டியது. புது மாடுலேட்டருடன் 62. வேக்யூம் குழாயை வேண்டுமென்றே கழற்றினால் 150-க்கு மேல் ஏறியது. பம்பும் பிரஷர் ரெகுலேட்டரும் ஆரோக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். குழாயைக் கழற்றியும் அழுத்தம் ஏறவில்லை என்றால் ஆயில் குறைவு, ஃபில்டர் அடைப்பு, தேய்ந்த பம்ப் என்ற வரிசையில் போக வேண்டும்.

மென்மையாகிவிட்டது, ஆனால் இன்னும் லேட்

ஓட்டிப் பார்த்ததில் அடி போய்விட்டது. கியர் மெத்தென்று விழுகிறது. ஆனால் இரண்டாவது இன்னும் 24 மைலில், மூன்றாவது 38-இல். லேசான மிதிக்கு இது அதிகம்.

இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் பலர் இங்கேதான் புது மாடுலேட்டரைச் சந்தேகித்து இன்னொன்று வாங்குகிறார்கள். லேட்டும் அடியும் சேர்ந்து வந்தால் வேக்யூம் பக்கம். லேட் மட்டும், அடி இல்லை, லைன் பிரஷரும் சரி என்றால் எஞ்சின் சுமையைப் பெட்டி சரியாகவே புரிந்துகொள்கிறது, வேகத்தைத்தான் குறைத்துப் புரிந்துகொள்கிறது. இரண்டு கியரும் ஒரே மாதிரி தள்ளிப்போனால் கவர்னர். இரண்டாவது சரியான நேரத்தில் விழுந்து மூன்றாவது மட்டும் வர மறுத்தால் 2-3 ஷிஃப்ட் வால்வ் ஒட்டியிருக்கலாம்.

கவர்னர் பெட்டியின் இடது பின்பக்கம், ஒரு வட்ட மூடிக்குப் பின்னால். மூடியைப் பிடித்திருப்பது ஒரு கம்பி கிளிப்தான். கிளிப்பைத் தள்ளிவிட்டு மூடியைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் நெம்பினால் தகடு கோணி, பிறகு காலத்துக்கும் கசியும். கவர்னரைச் சற்றுச் சுழற்றியபடி இழுத்தால் வெளியே வரும்.

பார்க்க வேண்டியவை மூன்று. நைலான் பல்சக்கரத்தின் பற்கள் உரிந்திருந்தால் கவர்னர் சுற்றவே சுற்றாது, வண்டி முதல் கியரைவிட்டு ஏறாது. சக்கரம் மட்டும் தனியாகக் கிடைக்கும், ஒரு ரோல் பின்தான் பிடித்திருக்கிறது. எடைக்கட்டைகள் தடையில்லாமல் விரிந்து சுருங்க வேண்டும், ஸ்பிரிங்குகள் இடத்தில் இருக்க வேண்டும். கடைசியாக நடுவில் இருக்கும் வால்வ். எடைக்கட்டைகளை முழுக்க விரித்துப் பிடித்தால் ஆயில் நுழையும் துளையில் குறைந்தது 0.020 அங்குலம், அரை மில்லிமீட்டர், திறப்பு தெரிய வேண்டும். முழுக்கச் சுருக்கினால் வெளியேறும் துளையில் அதே அளவு. ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்க்கலாம்.

இந்தக் கவர்னரில் பற்கள் நன்றாக இருந்தன. வால்வ்தான் பழுப்புப் பிசின் படிந்து பாதியில் நின்றது. விரித்த நிலையில் 0.020 ஃபீலர் நுழையவில்லை. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, நைலான் பிரஷால் தேய்த்து, காற்றடித்ததும் வழுக்கியது. நைலான் பல்சக்கரத்தை கிளீனரில் முக்க வேண்டாம். உப்புத்தாள் போடவே கூடாது. வால்வின் விளிம்புகள் கூர்மையாக இருந்தால்தான் அழுத்தம் கசியாமல் நிற்கும், விளிம்பு மழுங்கினால் பாகமே வீண். கவர்னர் உட்காரும் துளையையும் விரலால் தடவிப் பாருங்கள். அலுமினியத்தில் பள்ளம் விழுந்திருந்தால் கவர்னர் அழுத்தம் அங்கேயே கசிந்துபோகும், துளையைப் பெருக்கி புஷ் போடும் வேலைக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். இங்கே துளை வழவழப்பாக இருந்தது. புது சீல் போட்டு மூடி பொருத்தப்பட்டது.

அடுத்த ஓட்டத்தில் லேசான மிதிக்கு இரண்டாவது 14 மைலில், மூன்றாவது 23-இல்.

ஆயில் தட்டு

கவர்னரில் பிசின் இருந்தால் ஷிஃப்ட் வால்வுகள் இருக்கும் வால்வ் பாடியிலும் இருக்கும் என்பதால் ஆயிலை மாற்றுவது கட்டாயம். தட்டில் 13 போல்ட்டுகள். ஒரு பக்கம் தளர்த்திச் சாய்த்து வடித்துவிட்டு இறக்க வேண்டும். அடியில் மெல்லிய சாம்பல் நிறச் சேறு இயல்பு. கறுப்புச் செதில்கள் கிளட்ச் லைனிங். பித்தளை மினுமினுப்பு புஷ்ஷோ த்ரஸ்ட் வாஷரோ. ஸ்டீல் துண்டு கிடைத்தால் ரோலர் கிளட்சும் (ஒரு திசையில் மட்டும் சுழலவிடும் பிடிப்பு) பல்சக்கரங்களும் சந்தேகத்துக்குரியவை. இங்கே சேறு மட்டுமே.

ஃபில்டரின் கேஸ்கெட் வால்வ் பாடியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், சுரண்டி எடுத்தாக வேண்டும். பழையதன் மேல் புதியதை வைத்தால் காற்று உறிஞ்சி, பம்ப் ஊளையிடும். தட்டின் போல்ட் துளைகள் பெரும்பாலும் மேல்நோக்கிக் குழிந்திருக்கும். கட்டையில் வைத்துத் தட்டிச் சமப்படுத்தாமல் மாட்டினால் எந்தக் கேஸ்கெட்டும் கசியும். முறுக்கு இங்கேயும் 130 அங்குல-பவுண்டு, குறுக்காக மாற்றி மாற்றி.

தட்டை மட்டும் இறக்கினால் இரண்டரை குவார்ட் சுற்றிலும்தான் வெளியேறும். மிச்சம் கன்வெர்ட்டரில் தங்கியிருக்கும், காய்ந்த பெட்டிக்கு மொத்தம் பத்து குவார்ட் பிடிக்கும். டெக்ஸ்ரான் 3 வகை ஆயில் முதலில் இரண்டரை குவார்ட் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, பிரேக்கை அழுத்திக்கொண்டு லீவரை எல்லா நிலைகளிலும் ஒருமுறை நிறுத்தி நகர்த்திவிட்டு, பார்க்கில் வைத்து அளந்து, மீதியைக் கால் குவார்ட்டாக ஊற்ற வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் சரியாகாத வண்டிக்கு

எந்தெந்த நிலையில் நழுவுகிறது என்று குறித்துக்கொண்டால் உள்ளே போன பாகத்தை வெளியிலிருந்தே சொல்லிவிடலாம். மூன்றாவதும் ரிவர்ஸும் இரண்டும் நழுவினால் டைரக்ட் கிளட்ச், அந்த இரண்டுக்கும் அது பொது. முன்னோக்கி எதுவும் இல்லை, ரிவர்ஸ் மட்டும் நன்றாக இருக்கிறது என்றால் ஃபார்வர்ட் கிளட்ச். டிரைவில் முதல் கியர் நழுவி, லீவரை 'லோ'வுக்கு இறக்கினால் பிடிக்கிறது என்றால் லோ ரோலர் கிளட்ச், ஏனென்றால் 'லோ'வில் லோ-ரிவர்ஸ் கிளட்சும் சேர்ந்து பிடிக்கிறது. இரண்டாவது மட்டும் நழுவினால் இன்டர்மீடியட் கிளட்ச் அல்லது அதன் ரோலர்.

இந்தக் கடைசி நழுவலுக்குப் பெட்டியை இறக்கும் முன் வலது பக்கத்தில் வெளியிலிருந்தே தெரியும் 1-2 அக்யுமுலேட்டரின் (இரண்டாவது கியர் மென்மையாக விழ உதவும் ஸ்பிரிங் பிஸ்டன்) மூடியைத் திறந்து பார்த்துவிட வேண்டும். மூடியை உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டு வளையத்தை எடுக்க வேண்டும். பின்னால் ஸ்பிரிங் இருக்கிறது, முகத்தை நேராக வைக்காதீர்கள். பிஸ்டனின் சீல் தேய்ந்து கசிந்தால் இன்டர்மீடியட் கிளட்சுக்குப் போக வேண்டிய ஆயில் அங்கே வீணாகி, இரண்டாவது விழும் நேரத்தில் எஞ்சின் ஒரு கணம் ஊளையிட்டு ஏறும். சின்ன சீல் ஒன்றுக்காகப் பெட்டியைப் பிரித்துக் கட்டிய வண்டிகள் உண்டு.

ஷெவெலுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. கடைசி அளவுகள்: மாடுலேட்டர் முனையில் வேக்யூம் 18, டிரைவில் சும்மா ஓட்ட லைன் பிரஷர் 62. டயாஃபிரம் கிழிந்திருந்த காலத்தில் உறிஞ்சிய ஆயில் மேனிஃபோல்டில் தங்கியிருந்ததால், வெண்புகை முதல் சில ஸ்டார்ட்டுகளில் லேசாக வந்து பிறகு நின்றது. வேக்யூம் எடுக்கும் துளைக்கு அருகிலிருந்த சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் மட்டும் ஆயில் படிந்து கறுத்திருந்தது. அது மாற்றப்பட்டது. 500 மைலுக்குப் பிறகு சூட்டில் மட்டம் ஃபுல் கோட்டிலேயே இருந்தது, கவர்னர் மூடியைச் சுற்றியும் ஈரமில்லை.